ஒரு லிட்டர் கடல்

லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் உப்பு,
கொஞ்சம் மெக்னீசியம், கொஞ்சம் கால்சியம்,
சிட்டிகை புரோமைடு.
தொள்ளாயிரம் மீட்டர் உயரத்தில்
திங்கட்கிழமைகளில் நான் கடல் செய்கிறேன்.

தண்ணீர் காவிரி.
பாதி வழியில் மடக்கி, மேடேற்றி,
குழாய் குழாயாய் ஹெப்பாள் வரை தள்ளி
எங்கள் தொட்டியில் விட்டது.
பூம்புகார் போக வேண்டியது.
போகாவிட்டால் என்ன,
இங்கேயே கடலாகிவிடு என்று
வடித்தெடுத்து உப்பைக் கரைக்கிறேன்.
காவிரி வராத நாளில் டேங்கர்.
அது எந்தக் கிணறு என்று கேட்பதில்லை.

கார்வாரிலிருந்து இரவுப் பேருந்தில்
ஐஸ் பெட்டியை மடியில் வைத்து வந்தேன்.
பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார்: மீனா?
சேறு என்றேன்.
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இருபத்தாறு மீட்டர் ஆழத்திலிருந்து
அதை இழுத்துக் கொடுத்தவர் துளசிதாஸ் ஹரிகந்த்ரா.
வலையில் வந்தால் நாங்கள் கழுவி விடுவோம்,
நீங்கள் காசு கொடுத்து வாங்குகிறீர்கள் என்று சிரித்தார்.
படகு வாடகைக்கு ரசீது கேட்டேன்.
இன்னும் சிரித்தார்.

முளைத்ததில் பாதி அவசரக்காரர்கள்.
ஒரே இரவில் தட்டை நிரப்பிவிட்டு
எதற்கும் ஆகாதவை.
எனக்கு வேண்டியவை
மூன்றாம் வாரத்தில் சுண்ணாம்புப் பொட்டாய் எழும்பி,
அகாரைக் கடித்துக்கொண்டு
ஊசிக்கு வர மறுப்பவை.
மூடியைத் திறந்தால் முதல் மழை வாசம்.
கடலடியில் கிடந்ததற்கு மண் வாசம் எப்படி என்று
முதல் வருடம் வியந்தேன்.
இப்போது முகர்ந்து பார்த்தே பொறுக்குகிறேன்.

கே நாற்பத்தேழு
நோய்க்கிருமிப் படலத்தின் நடுவே
ஒரு வட்டம் வெட்டியது.
பதினான்கு மில்லிமீட்டர் வெறுமை.
அந்த வெறுமைக்காக எட்டு மாதம்:
இருபது லிட்டர் கடல், அத்தனையையும்
எத்தில் அசிடேட்டில் பிழிந்து,
சிலிக்காக் குழாயில் சொட்டுச் சொட்டாய் இறக்கி,
கடைசியில் இரண்டு மில்லிகிராம்.
சீசாவின் அடியில் மஞ்சளாய்,
யாரோ விட்ட பெருமூச்சு படிந்ததுபோல்.

பசவண்ணெப்பாவின் அறைக்குள்
செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும்.
நிறமாலைமானித் திரையைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
டீ ஆய்த்தா? என்றார்.
அப்போதே தெரிந்துவிட்டது.

அறுபதுகளில் கண்டெடுத்த மூலக்கூறு.
எங்கோ ஒரு தோட்டத்து மண்ணில்.
பெயருண்டு, விலையுண்டு,
மும்பை முகவரிடம் சொன்னால்
நாலு நாளில் வீட்டு வாசலுக்கே வரும்.

அன்று மாலை பழைய தட்டுகளை
ஆட்டோகிளேவ் பையில் போட்டுக்கொண்டிருந்தேன்.
அடுக்கின் அடியில் கே பத்தொன்பது.
ஒன்றரை வருடமாய் ஊமை.
சோளம் போட்டேன், சோயா போட்டேன்,
குளிரவைத்தேன், இருட்டில் வைத்தேன்,
ஒரு கிருமியையும் முறைத்துக்கூடப் பார்க்காதது.

என் கவனக்குறைவில்
அந்தத் தட்டின் ஓரத்தில்
பெயரில்லாத ஒரு சளிப் பொட்டு குடியேறியிருந்தது.
இரண்டுக்கும் நடுவே
ஊதாவில் ஒரு கோடு.
ஊமையின் பக்கமிருந்து போட்ட கோடு.

தனியாக வைத்து வைத்து
பேசு பேசு என்று கேட்டிருக்கிறேன்.
யாரிடம் பேச?

பையை அவிழ்த்தேன்.
மூடியில் மார்க்கரால் தேதி எழுதினேன்,
கை நடுக்கத்தில் ஏழு ஒன்றாகிவிட்டது.
வெளியே விமான நிலையச் சாலை
ஹாரன்களை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிக்கொண்டிருந்தது.
இதற்கும் ஏற்கெனவே பெயர் இருக்கலாம்.
பசவண்ணெப்பா மறுபடியும்
டீ ஆய்த்தா என்று கேட்கலாம்.

கேட்கட்டும்.
இந்த முறை குடித்துவிட்டே போகிறேன்.
இன்று வியாழன்தான்,
ஆனாலும் தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து
உப்பு டப்பாவைத் திறக்கிறேன்.